ஐயத்தின் வரலாறு – 17: மகனுக்குக் கொடுத்த கேள்வி

சென்ற இதழில் எடின்பரோ நகரில் நின்றிருந்தோம். 1776 ஜூலையில், சாவை எதிர்நோக்கியிருந்த டேவிட் ஹ்யூமைப் பார்க்கப் போனார் ஜேம்ஸ் பாஸ்வெல். கடைசி நேரத்திலாவது மறுமையைப் பற்றி மனிதர் ஏதேனும் இறங்கிவருவார் என்ற நினைப்பு அவருக்கு. ஹ்யூமோ வழக்கமான கலகலப்போடு பேசிக்கொண்டிருந்தார். கலங்கிப்போய்த் திரும்பியவர் பாஸ்வெல்தான். ஆனால் அவர் நாத்திகர் ஆகிவிடவில்லை. ஹ்யூமைப் படித்த பெரும்பாலோரும் ஆகவில்லை.

அப்படியானால் தத்துவவாதியின் எழுத்து ஒரு தனிமனிதரின் நம்பிக்கைக்குள் எப்படித்தான் நுழைகிறது? எங்கே அது வேலை செய்கிறது, எங்கே செய்யாமல் போகிறது? இதைப் பொதுவாகப் பேசினால் காற்றில் கம்பு சுற்றுவதாக முடியும். ஆகையால் இந்த இதழில் ஒரே ஒரு கேள்வியைப் பின்தொடர்ந்து போகலாம். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் அதைத் தம் மகனுக்குச் சொன்னார். மகன் அதைத் தம் சுயசரிதையில் எழுதிவைத்தார். அந்த மகனை ஞானத்தந்தையாகக் கொண்ட ஒரு பையன், பதினெட்டாம் வயதில் அதைப் படித்தான். அவன் முதியவனான பிறகு அதே கேள்வி அச்சேறி உலகைச் சுற்றியது, தமிழுக்கும் வந்தது.

பிரசங்கியாரின் மனமாற்றம்

ஜேம்ஸ் மில் 1773இல் ஸ்காட்லாந்தின் நார்த்வாட்டர் பிரிட்ஜ் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் செருப்புத் தைப்பவர். பையன் கெட்டிக்காரன் என்று கண்ட சர் ஜான் ஸ்டூவர்ட் என்ற பிரபு, அவரை எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவைத்தார். படிப்பு சமய ஊழியத்துக்கான படிப்பு. 1798இல் பிரசங்கம் செய்ய உரிமமும் கிடைத்தது. ஆனால் நிலையான சபை எதுவும் வாய்க்கவில்லை. 1802இல் லண்டனுக்கு வந்து பேனாவால் பிழைக்கத் தொடங்கினார்.

அந்த ஆண்டுகளில் அவர் மனத்தை உலுக்கிய புத்தகம், நாத்திகர் எழுதியதன்று; ஓர் ஆயர் எழுதியது. ஜோசப் பட்லரின் ‘சமய ஒப்புமை’ 1736இல் வெளிவந்தது. வேதாகமத்தை ஏற்காமல், இயற்கையைப் பார்த்தே படைத்தவனை அறியலாம் என்று வாதிட்ட கூட்டம் ஒன்று அன்று இங்கிலாந்தில் இருந்தது. அவர்களுக்குப் பதில் சொல்லவே பட்லர் எழுதினார். வேதத்தில் சொல்லப்படும் கடவுள் கொடுமை செய்கிறார் என்கிறீர்களே, இயற்கையில் மட்டும் கொடுமை குறைவா? ஒரு குற்றமும் அறியாத குழந்தைகள் நோயில் சாகவில்லையா? இயற்கையைப் படைத்தவனை நல்லவன் என்று ஏற்க உங்களால் முடியுமானால், வேதத்தின் கடவுளை ஏற்பதில் என்ன தடை? பட்லருடைய வாதத்தின் சாரம் இது.

எதிரியை வாயடைக்கும் வாதம்தான். ஜேம்ஸ் மில்லையும் அது கொஞ்ச காலம் நம்பிக்கைக்குள் பிடித்துவைத்திருந்தது. பிறகு அதே வாதத்தை அவர் மறுமுனையிலிருந்து பிடித்துப் பார்த்தார். இரண்டுக்கும் ஒரே தடைதான் என்றால், ஒன்றை ஏற்பதால் மற்றதையும் ஏற்க வேண்டும் என்பது ஒரு முடிவு. ஒன்றை ஏற்க முடியாததால் மற்றதையும் ஏற்க முடியாது என்பதும் அதற்குச் சமமான முடிவே. ஆயர் கட்டிய பாலத்தின் மேல் ஏறி, அவர் நினைத்ததற்கு எதிர்ப்பக்கம் இறங்கிவிட்டார் மில். எழுதியவரின் நோக்கமும் படிப்பவரின் முடிவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இந்தத் தொடரில் இதுவரை பார்த்தவற்றில் இதைவிட நல்ல சான்று இல்லை.

உலகில் இவ்வளவு துன்பம் இருக்க, எல்லாம் வல்லவனும் எல்லையற்ற நல்லவனுமான ஒருவன் இதைப் படைத்தான் என்பதை அவருடைய மனச்சாட்சி ஒப்பவில்லை. தர்க்கத்தைவிட இந்த அறக் கோபமே அவரிடம் பெரிது என்று மகன் பின்னால் எழுதுகிறார். அதேசமயம், கடவுள் இல்லை என்று அடித்துச் சொல்வதும் அபத்தம் என்றே ஜேம்ஸ் கருதினார். உலகின் தொடக்கத்தைப் பற்றி எவருக்கும் எதுவும் தெரியாது. அவ்வளவுதான் அவர் நிலை.

இந்த மனிதரை நாம் வேறு வகையிலும் அறிவோம். இந்தியாவில் கால் வைக்காமல், இங்குள்ள ஒரு மொழியும் அறியாமல், 1817இல் பல பாகங்களாகப் ‘பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாறு’ எழுதி வெளியிட்டவர் இவர்தான். அந்தப் புத்தகம் 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் உத்தியோகம் வாங்கிக் கொடுத்தது.

மதமின்றி வளர்ந்த பிள்ளை

மூத்த மகன் ஜான் ஸ்டூவர்ட் 1806இல் பிறந்தான். பள்ளிக்கூடம் இல்லை, தகப்பனார்தான் வாத்தியார். மூன்று வயதில் கிரேக்கம், எட்டு வயதில் லத்தீன் என்று ஓடிய அந்தக் கல்வியைப் பற்றி எழுதாதவர் குறைவு. அதில் நமக்கு வேண்டியது ஒரு துண்டு. ‘என்னை யார் படைத்தார்?’ என்ற கேள்விக்கு நம் அனுபவத்தில் விடை இல்லை. கடவுள் என்று விடை சொன்னால், அவரை யார் படைத்தார் என்ற கேள்வி உடனே எழுந்து நிற்கும், தடை ஒரு படி பின்னால் போகுமே தவிர நீங்காது என்று தந்தை மகனுக்குச் சொன்னார்.

கேள்வி புதியதன்று. எந்த ஊரிலும் வாய்த்துடுக்கான பிள்ளை பாட்டியிடம் கேட்கக்கூடியதுதான். வழக்கத்தில் பிள்ளை கேட்கும், பெரியவர் அதட்டுவார். மில் வீட்டில் பெரியவரே அதைப் பிள்ளையிடம் எடுத்துக் கொடுத்தார்.

கூடவே ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார்: இதை வெளியே சொல்லாதே. அன்றைய இங்கிலாந்தில் அது கோழைத்தனமான அறிவுரை இல்லை. 1857இல் கார்ன்வாலைச் சேர்ந்த தாமஸ் பூலி என்ற கூலித்தொழிலாளி, கதவு ஒன்றில் கிறிஸ்தவத்தைப் பழிக்கும் சொற்களை எழுதினார் என்று 21 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். சில மாதங்களில் மன்னிப்புக் கிடைத்தது. அதே காலத்தில் லண்டனில் இரண்டு பேர், மதநம்பிக்கை இல்லை என்று உண்மையைச் சொன்னதற்காக ஜூரி பதவியிலிருந்து விலக்கப்பட்டார்கள். இந்தச் சம்பவங்களை 1859இல் வெளியான ‘சுதந்திரம் பற்றி’ என்ற நூலில் ஜான் ஸ்டூவர்ட் மில் எடுத்துக்காட்டுகிறார். அவருடைய வாதம் எளிது. நம்பிக்கையற்றவனின் சாட்சியம் செல்லாது என்று சட்டம் சொன்னால், பொய்யாகச் சத்தியம் செய்யத் துணிந்த நாத்திகனின் சாட்சியம் செல்லும். பொய் சொல்ல மறுத்த நாத்திகனின் சாட்சியம் மட்டும் செல்லாது. சட்டம் யாரைத் தண்டிக்கிறது?

இவ்வளவு எழுதியவர் தம்மைப் பற்றி வாய் திறக்கவில்லை. 1865இல் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியில் நாடாளுமன்றத் தேர்தலுக்கு நின்றபோது, எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வேன், என் மத நம்பிக்கையைப் பற்றிய கேள்விக்கு மட்டும் சொல்லமாட்டேன் என்று முதலிலேயே அறிவித்துவிட்டார். வென்றார். மூன்றாண்டு கழித்து அடுத்த தேர்தலில், வெளிப்படையான நாத்திகரான சார்லஸ் பிராட்லாவின் நார்தாம்ப்டன் தேர்தல் செலவுக்குப் பத்துப் பவுண்டு அனுப்பினார். எதிரிகள் அதை வெஸ்ட்மின்ஸ்டர் முழுதும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மில் தோற்றார். தோல்விக்கு அந்த நன்கொடையும் ஒரு காரணம் என்று அவரே கணித்தார்.

1873 மே மாதம் தென்பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில் மில் இறந்தார். அதே ஆண்டு சுயசரிதை வெளிவந்தது. மதநம்பிக்கையை உதறியவர்கள் பலர் இருக்கலாம், அது எப்போதுமே இல்லாமல் வளர்ந்த மிகச் சிலரில் தாமும் ஒருவர் என்று அதில் அவர் சொன்னபோது இங்கிலாந்து அதிர்ந்தது. தந்தையின் கேள்வியும் அப்போதுதான் வீட்டை விட்டு வெளியே வந்தது.

அடுத்த ஆண்டு இன்னோர் அதிர்ச்சி. இம்முறை அதிர்ந்தவர்கள் மில்லின் சீடர்கள். ‘சமயம் பற்றி மூன்று கட்டுரைகள்’ என்ற நூலை அவருடைய வளர்ப்பு மகள் ஹெலன் டெய்லர் பதிப்பித்தார். வாழ்வின் கடைசி ஆண்டுகளில் எழுதப்பட்ட மூன்றாம் கட்டுரையில், எல்லாம் வல்ல கடவுளுக்கு இடமில்லை என்றாலும், வல்லமை குறைந்த, நல்லெண்ணம் கொண்ட ஒரு படைப்பாளி இருக்கக்கூடும் என்பதற்குச் சிறிதளவு சான்று உண்டு என்று மில் எழுதியிருந்தார். மறுமையை நிறுவ முடியாது, ஆனால் அதை எதிர்பார்த்து ஆசைப்படுவதில் தவறில்லை என்றும் எழுதியிருந்தார். ஜான் மார்லி போன்ற நெருங்கிய சீடர்களால் இதைச் செரித்துக்கொள்ள முடியவில்லை.

மனைவி ஹாரியட் 1858இல் அவிஞ்ஞோனில் இறந்ததும், அவர் கல்லறை தெரியும்படி ஒரு வீடு வாங்கி ஆண்டுதோறும் சில மாதங்கள் அங்கேயே தங்கினார் மில். துக்கம்தான் தத்துவத்தை இளக்கியது என்று முடிவு கட்டிவிட ஆசை வரும். ஆனால் கட்டுரையில் கண்ணீர் இல்லை. சான்றுகளை நிறுத்துப் பார்க்கும் வழக்கமான மில்தான் இருக்கிறார். எல்லாம் வல்லமை, முழு நன்மை இரண்டையும் ஒருங்கே ஒப்ப முடியாது என்ற தந்தையின் அறக் கோபத்தை அவர் கைவிடவில்லை. வல்லமையைக் குறைத்து நன்மையைக் காப்பாற்றினார். தந்தை கொடுத்த கேள்வி தந்தையின் முடிவுக்கே மகனைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

ஞானத்தந்தை

மில் இறப்பதற்கு ஓராண்டு முன், 1872 மே 18ஆம் தேதி, பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் பிறந்தார். தகப்பனார் ஆம்பர்லி பிரபு, தாயார் கேட். இருவரும் சுதந்திரச் சிந்தனையாளர்கள், மில்லிடம் பக்தி போன்ற மதிப்புக் கொண்டவர்கள். பிள்ளைக்கு மதச் சடங்கு வேண்டாம், ஆனால் ஞானத்தந்தை மட்டும் வேண்டும் என்று மில்லைக் கேட்டார்கள். அவரும் இசைந்தார். பிள்ளையின் முதல் பிறந்த நாளுக்குச் சில நாள் முன் மில் போய்விட்டார்.

வீட்டில் சாவு அதோடு நிற்கவில்லை. 1874இல் தொண்டை அடைப்பான் நோயில் தாயும் ஆறு வயது அக்காவும் அடுத்தடுத்து இறந்தார்கள். 1876 ஜனவரியில் தகப்பனாரும் போனார். பிள்ளைகள் இருவரையும் நாத்திகர்களான இரண்டு நண்பர்கள் வளர்க்க வேண்டும் என்று அவர் உயில் எழுதியிருந்தார். பாட்டனார் சும்மா இருப்பாரா? அவர் ஜான் ரஸ்ஸல் பிரபு. இரண்டு முறை பிரதமராக இருந்தவர். விவகாரம் நீதிமன்றம் போனது. உயில் நிற்கவில்லை. பெர்ட்ரண்டும் அண்ணன் ஃபிராங்கும் லண்டனை அடுத்த ரிச்மண்ட் பூங்காவிலிருந்த பாட்டனாரின் பெம்புரோக் லாட்ஜுக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.

பாட்டனார் 1878இல் இறக்க, வளர்ப்பு முழுவதும் பாட்டியின் கையில். ஸ்காட்லாந்தின் கண்டிப்பான பிரெஸ்பிட்டீரியன் மரபில் வளர்ந்து, எழுபது வயதில் யூனிடேரியன் கொள்கைக்கு மாறியவர் அவர். அதனால் ஒரு ஞாயிறு அரசுத் திருச்சபைக் கோயில், மறு ஞாயிறு பிரெஸ்பிட்டீரியன் கோயில், வீட்டில் யூனிடேரியன் பாடம் என்று வளர்ந்தான் பையன். கூட்டத்தின் பின்னால் போவதை எச்சரிக்கும் யாத்திராகம வசனம் ஒன்றைப் பேரனுக்குத் தந்த வேதாகமத்தில் தம் கையால் எழுதிக் கொடுத்தார் பாட்டி. பேரன் அதைப் பின்னால் எப்படிப் பயன்படுத்திக்கொண்டான் என்பதை அவர் கணித்திருக்க முடியாது.

பதினொரு வயதில் அண்ணன் யூக்ளிட் கற்றுக்கொடுத்தான். பெர்ட்ரண்டுக்குப் பேரானந்தம். ஆனால் தொடக்கத்திலேயே ஓர் இடறல். மற்றவை எல்லாவற்றையும் நிறுவலாம், ஆரம்ப உண்மைகளை மட்டும் நிறுவ முடியாது, அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றான் அண்ணன். அது ஏன் என்று கேட்டால், ஏற்காவிட்டால் மேலே போக முடியாது என்ற பதில்தான் வந்தது. நிரூபணங்களின் சங்கிலி எங்கோ ஓரிடத்தில் நிரூபணம் இல்லாமல் தொடங்குகிறது என்ற உறுத்தல் அன்று விழுந்தது. வாழ்நாளின் சிறந்த ஆண்டுகளைக் கணிதத்தின் அடித்தளத்தை நிறுவுவதில் செலவிடப் போகும் மனிதரின் உறுத்தல் அது. கடவுளை யார் படைத்தார் என்ற கேள்வியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

1888இல், பதினைந்து முடிந்து பதினாறு தொடங்கும் வயதில், ஒரு நோட்டுப் புத்தகத்துக்குக் ‘கிரேக்கப் பயிற்சிகள்’ என்று பெயரிட்டு, ஆங்கிலச் சொற்களையே கிரேக்க எழுத்தில் எழுதத் தொடங்கினான். பாட்டி கண்ணில் படாமல் தன் சமய ஐயங்களைப் பதிந்துவைக்க அது ஓர் உபாயம். அந்த நோட்டில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. முதலில் போனது மனிதனின் சுயவிருப்பம்: உடலின் அணுக்கள் எல்லாம் இயற்பியல் விதிப்படி அசைகின்றன என்றால் நான் நினைத்துக் கையை உயர்த்துவது எப்படி? பிறகு ஆன்மாவின் அழியாமை போனது. கடவுள் மட்டும் தங்கினார். எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு, ஆகவே ஒரு முதற்காரணம் இருந்தாக வேண்டும் என்ற வாதத்தில் அவனால் ஓட்டை காண முடியவில்லை.

1890 அக்டோபரில் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரிக்குப் போகச் சற்று முன், பதினெட்டு வயதில், முகம் பார்க்காத ஞானத்தந்தையின் சுயசரிதையைப் படித்தான். ஜேம்ஸ் மில் மகனுக்குச் சொன்ன அந்தச் சில சொற்கள் கண்ணில் பட்டன. முதற்காரண வாதம் அந்த இடத்திலேயே விழுந்தது. எதற்கும் காரணம் வேண்டுமென்றால் கடவுளுக்கும் வேண்டும். காரணமின்றி ஒன்று இருக்கலாம் என்றால் அது உலகமாகவே இருக்கலாமே?

ஒரே ஒரு வாக்கியம் ஒரு மனிதனை மாற்றியது என்று இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். ஆனால் மூன்றாண்டாகக் காலொவ்வொன்றாய்ப் பிடுங்கப்பட்ட பந்தல் அது. மில்லின் வரி தட்டியது மிச்சமிருந்த ஒற்றைக் காலை. ஐந்து வயதில் அதே வரியைக் கேட்டிருந்தால் ஒரு வேடிக்கைக் கேள்வியாகப் போயிருக்கும். ஐம்பது வயதில் படித்திருந்தால், ஆட்சேபம் அறிந்ததுதான் என்று பக்கத்தைப் புரட்டியிருக்கலாம்.

கேம்பிரிட்ஜில் கதை மறுபடி திரும்பியது. அங்கே மெக்டகார்ட் போன்றவர்களின் செல்வாக்கில் ஹெகலின் தத்துவம் அவரைப் பிடித்தது. 1894இல் ஒருநாள் புகையிலை டப்பா வாங்கிக்கொண்டு டிரினிட்டி சந்தில் திரும்பிவரும்போது, கடவுள் என்ற கருத்திலிருந்தே கடவுள் இருப்பதை நிறுவும் பழைய வாதம் சரிதான் என்று மின்னல்போலத் தோன்றியதாம். டப்பாவை வானில் வீசிப் பிடித்தபடி அதை உரக்கச் சொன்னதாக அவரே எழுதுகிறார். அதற்காக அவர் கோயிலுக்குப் போகவில்லை, முழங்காலும் இடவில்லை. ஒரு வாதம் செல்லும் என்று புத்தி ஒப்பிய பிறகும் வாழ்க்கை இம்மியும் அசையாமல் இருக்கலாம். 1898 அளவில், ஜி. இ. மூரோடு சேர்ந்து ஹெகலை உதறியபோது அந்த வாதமும் போயிற்று.

பேட்டர்சியில் ஒரு சொற்பொழிவு

1918இல் போர் எதிர்ப்புக் கட்டுரைக்காக ரஸ்ஸலுக்கு ஆறு மாதச் சிறை. பிரிக்ஸ்டன் சிறைவாசலில் காவலர் பதிவேட்டை நிரப்பும்போது மதம் என்ன என்று கேட்டார். அறியொணாவாதி என்றார் ரஸ்ஸல். அதற்கு எழுத்துக் கூட்டத் தெரியாத காவலர், மதங்கள் பல இருந்தாலும் எல்லாரும் கும்பிடுவது ஒரே கடவுளைத்தானே என்று பெருமூச்சு விட்டாராம். அந்தப் பேச்சு ஒரு வாரம் தம்மைச் சிரிப்பில் வைத்திருந்தது என்கிறார் ரஸ்ஸல்.

1927 மார்ச் 6ஆம் தேதி, லண்டன் பேட்டர்சி நகர மண்டபத்தில், தேசிய மதச்சார்பின்மைச் சங்கத்தின் தென்லண்டன் கிளை அவரைப் பேச அழைத்தது. மில் பத்துப் பவுண்டு அனுப்பினாரே, அந்த பிராட்லா 1866இல் தொடங்கிய சங்கம் இது. தலைப்பு: ‘நான் ஏன் கிறிஸ்தவனல்ல?’ முதற்காரண வாதத்துக்கு வந்ததும் பதினெட்டு வயதுக் கதையையும் ஜேம்ஸ் மில்லின் கேள்வியையும் சபையில் எடுத்து வைத்தார். அந்த உரையில் அதிகம் பேசப்படாத ஒப்புதல் ஒன்று இருக்கிறது. மக்கள் கடவுளை நம்புவது இந்த வாதங்களால் அன்று. சிறு வயதிலிருந்து சொல்லித் தரப்படுவதால் நம்புகிறார்கள், தம்மைக் காக்க ஒருவர் இருக்கிறார் என்ற பாதுகாப்புக்காகவும் நம்புகிறார்கள் என்றார் அவர். சொற்பொழிவின் பெரும்பகுதியை வாதங்களை உடைப்பதில் செலவிட்டவரே இதைச் சொன்னார்.

உரை அச்சான சில மாதங்களில் அதற்கு ஒரு கடுமையான மதிப்புரை வந்தது. எழுதியவர் கவிஞர் டி. எஸ். எலியட். அவர் அயலார் அல்லர். 1914இல் ஹார்வர்டில் ரஸ்ஸலிடம் படித்தவர், திருமணமான புதிதில் லண்டனில் ரஸ்ஸலின் இருப்பிடத்திலேயே மனைவியோடு தங்கியிருந்தவர். ரஸ்ஸல் உடைக்கும் வாதங்களும் உடைக்கும் விதமும் தமக்கு எப்போதோ தெரிந்தவை என்றார் எலியட். கடவுளை யார் படைத்தார் என்ற அந்தக் கேள்வியை, ஆறு வயதிலேயே, பக்தி மிகுந்த கத்தோலிக்கத் தாதி ஒருத்தி தம்மிடம் போட்டிருக்கிறாள் என்றும் குறிப்பிட்டார். அதே 1927 ஜூனில் எலியட் இங்கிலாந்துத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார். ஒருவரைக் கடவுளிடமிருந்து வெளியேற்றிய கேள்வி, இன்னொருவரின் குழந்தைப் பருவத்தில் பக்தியுள்ள பெண்ணின் வாயிலேயே குடியிருந்திருக்கிறது.

கேள்விக்கு நம்பிக்கையாளர் தரப்பில் பதில் இல்லாமலும் இல்லை. 1948 ஜனவரி 28ஆம் தேதி, பிபிசி வானொலியில் இயேசு சபைப் பாதிரியார் ஃபிரடெரிக் கோப்பிள்ஸ்டனும் ரஸ்ஸலும் மோதினார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்று நாங்கள் சொல்லவே இல்லை, தன் இருப்புக்குத் தன்னிடம் காரணமில்லாதவற்றுக்கு மட்டுமே புறக்காரணம் வேண்டும் என்கிறோம். கடவுள் அந்த வகையில் சேரமாட்டார் என்றார் கோப்பிள்ஸ்டன். உலகம் முழுவதற்கும் ஒரு காரணம் கேட்பதே பொருளற்றது, அது இருக்கிறது, அவ்வளவுதான் என்றார் ரஸ்ஸல். நேர்மையாகப் பார்த்தால், ஜேம்ஸ் மில்லின் கேள்வி கோப்பிள்ஸ்டன் வைத்த வடிவத்தை முழுமையாகத் தொடுவதில்லை. அந்த இரவு இருவருமே தத்தம் இடத்தை விட்டு நகரவில்லை.

மகளும் மாணவரும்

ரஸ்ஸலைச் சுற்றியிருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பது அவருடைய நூல்களைப் புரட்டுவதைவிடச் சுவையானது. அவருடைய மாபெரும் மாணவர் லுட்விக் விட்கன்ஸ்டைன். முதல் உலகப் போரில் ஆஸ்திரியப் படையில் இருந்தபோது, கலீசியாவின் ஒரு புத்தகக் கடையில் டால்ஸ்டாயின் ‘சுருக்கமான நற்செய்தி’ அவர் கைக்குக் கிடைத்தது. உடன் இருந்த சிப்பாய்கள் அவருக்கு நற்செய்திக்காரர் என்று பட்டப்பெயர் வைக்கும் அளவுக்கு அதை எப்போதும் கூடவே வைத்திருந்தார். 1919 டிசம்பரில் நெதர்லாந்தின் ஹேக் நகரில் மாணவரைச் சந்தித்த ரஸ்ஸல் திகைத்துப்போனார். தர்க்கத்தில் தம்மையே மிஞ்சிய மனிதர் துறவியாகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். தர்க்கம் பயின்றால் நம்பிக்கை கரையும் என்ற கணக்கு ரஸ்ஸலின் வகுப்பறையிலேயே பொய்த்தது.

மகள் கதை இன்னும் அருகில். கேத்தரின் 1923இல் பிறந்தார். மதபோதனை இல்லாத கல்வி வேண்டும் என்று 1927இல் ரஸ்ஸலும் மனைவி டோராவும் சொந்தமாக ஒரு பள்ளி தொடங்கினார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் அதில் படித்தார்கள். ஜான் மில்லைப் போல மதமின்றி வளர்க்கப்பட்ட பிள்ளை கேத்தரின். வளர்ந்து, மணமாகி, அமெரிக்காவில் வாழ்ந்தபோது அவரும் கணவரும் கிறிஸ்தவர்கள் ஆனார்கள். கணவர் குருப்பட்டம் பெற, இருவரும் உகாண்டாவுக்கு ஊழியத்துக்குப் போனார்கள். 1975இல் அவர் எழுதிய ‘என் தந்தை பெர்ட்ரண்ட் ரஸ்ஸல்’ பகை தீர்க்கும் புத்தகமன்று. அன்பும் வருத்தமும் கலந்து, தந்தையின் வாழ்நாள் முழுவதுமே கடவுளைத் தேடிய தேடல்தான் என்று அதில் அவர் வாதிடுகிறார். 1970இல் மறைந்துவிட்ட தந்தை அதற்கு மறுப்பு எழுத இல்லை. எழுதியிருந்தால் மறுத்திருப்பார் என்பதில் ஐயமில்லை.

ஜேம்ஸ் மில்லிடமிருந்து கிளம்பிய கேள்வி இப்படி ஐந்தாறு பேரைத் தொட்டிருக்கிறது. ஜேம்ஸ் உண்டென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. ஜான் வலுக்குறைந்த கடவுளுக்குக் கதவைச் சற்றே திறந்துவைத்தார். ரஸ்ஸல் மூடினார். எலியட்டும் கேத்தரினும் மறுவாசல் வழியாக உள்ளே போனார்கள். தத்துவவாதியை நாத்திகம் பரப்புகிறவர் என்று அஞ்சுவோரும், அவர் எழுத்தைப் படித்தால் மூடநம்பிக்கை தானாக நீங்கும் என்று நம்புவோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். இருவரும் வாதத்துக்கு இல்லாத வல்லமையை அதற்குக் கொடுக்கிறார்கள். வளர்ப்பு, துக்கம், கோபம், தனிமை எல்லாம் சேர்ந்து ஒருவரை ஒரு கரைக்குத் தள்ளிக்கொண்டு வருகின்றன. அங்கே நிற்பவருக்கு, தான் ஏற்கெனவே பாதி அறிந்திருந்ததைத் தெளிவாகச் சொல்ல ஒரு வாக்கியம் தேவைப்படுகிறது. தத்துவவாதி தருவது அந்த வாக்கியத்தை. அது சிறிய உதவி இல்லை. தன் ஐயம் பாவமோ பைத்தியமோ இல்லை, தனக்கு முன்பே ஒருவர் அதை யோசித்து நிதானமாக எழுதிவைத்திருக்கிறார் என்று தெரிவது, கிரேக்க எழுத்தில் ஒளித்து எழுதும் பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பெரிய துணை.

பேட்டர்சி உரை தமிழுக்கும் வந்தது. சுயமரியாதை இயக்கத்தின் குத்தூசி சா. குருசாமி அதை மொழிபெயர்த்தார். லண்டனில் கிறிஸ்தவத்தை நோக்கிப் பேசப்பட்டது, இங்கே சாதியையும் புரோகிதத்தையும் எதிர்த்து நின்றவர்களின் கையில் வேறொரு கருவியானது. அவர்களில் பலருக்கு முதற்காரண வாதம் சரியா தவறா என்பதல்ல தலைவலி. கடவுள் பெயரால் யார் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்படுகிறார் என்பதே. ஜேம்ஸ் மில்லை உலுக்கியதும் முதலில் தர்க்கமன்று, அநீதிதான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அதே இயக்கத்தாரின் முயற்சியில் இன்னொரு சிறு நூலும் தமிழில் வந்தது. அதை மொழிபெயர்த்த ப. ஜீவானந்தம் அதற்காகச் சிறை சென்றார். அதன் மூலத்தை எழுதியவர் தூக்குத் தண்டனையை எதிர்நோக்கியிருந்த இருபத்துமூன்று வயது இளைஞர்.

(அடுத்த இதழில்: லாகூர் சிறையில் பகத்சிங்)